மாத்திரை வருகிறது, ஆள் வேண்டுமே

திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், நத்தம் பக்கம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் பல. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் குளிப்பாட்ட, கழிவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப்போக, நள்ளிரவில் தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆள் வைப்போர், வருபவர் செவிலியரா, உதவியாளரா என்று முதலில் கேளுங்கள். ஊசி போடுவது உதவியாளர் வேலையல்ல. வேலை நேரம், விடுப்பு, சம்பளம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். அவரும் ஒரு வீட்டின் மகள்தான். 1947 முதல் கிராமப் பணியில் ஊறிய காந்திகிராமம் இருக்கும் மாவட்டம் இது. ஊர்ப் பெண்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சியை அரசு இங்கேயே தொடங்கட்டும். அதுவரை, வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.