போக மறுக்கும் அன்ரிவைரஸ்: எங்கள் கணினியில் யாருக்கு அதிகாரம்?

2024 செப்டெம்பர் 19ஆம் திகதியை அண்டிய நாட்களில் அமெரிக்காவில் பலர் தங்கள் கணினியைத் திறந்தபோது, காசு கட்டி வைத்திருந்த கஸ்பெர்ஸ்கி அன்ரிவைரஸைக் காணவில்லை. அந்த இடத்தில் ‘அல்ட்ரா ஏவி’ என்ற, அநேகர் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு மென்பொருள் இருந்தது. அவர்கள் அதைத் தரவிறக்கவில்லை. ஏற்றலாமா என்று கணினி கேட்கவுமில்லை. ஏதோ நச்சுநிரல்தான் புகுந்துவிட்டது என்று சிலர் பயந்துபோனார்கள். அகற்றிப் பார்த்தவர்களில் சிலருக்கு, கணினியை மீளத் தொடங்கியதும் அது மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

நடந்தது ஒரு வணிகக் கைமாற்றம். 2024 ஜூன் 20 அன்று அமெரிக்க வர்த்தகத் திணைக்களம், மொஸ்கோவைத் தலைமையகமாகக் கொண்ட கஸ்பெர்ஸ்கிக்குத் தடை விதித்தது. ஜூலை 20 முதல் புதிதாக விற்க முடியாது. செப்டெம்பர் 29க்குப் பின்னர் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இற்றைப்படுத்தல் கொடுக்க முடியாது. தடை இறுகுவதற்கு முன்னர் அந்த நிறுவனம் தன்னுடைய ஏறத்தாழ பத்து இலட்சம் அமெரிக்க வாடிக்கையாளர்களை பாங்கோ என்ற இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மாதத் தொடக்கத்தில் மின்னஞ்சல் போனது உண்மை. ஆனால் பழையது தானாகக் கழன்று, புதியது தானாக ஏறும் என்பதை அந்த மின்னஞ்சல் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதே பாவனையாளர்களின் கோபம்.

இதை அமெரிக்க-ரஷ்ய இழுபறியின் ஒரு கிளைக்கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். எனக்கு உறுத்துவது வேறொன்று. உரிமையாளர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு காவல்காரன் தானாக வேலையை விட்டுப் போய், தனக்குப் பதிலாக இன்னொருவனை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போக முடிகிறது. அப்படியானால் அந்தக் காவல்காரன் முதலில் இருந்தே யாருடைய ஆள்? ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை யார், யாருக்காகச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். வலிகாமம் வடக்கில் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்று எழுதிய பலகைக்கு இந்தப் பக்கம் நின்று சொந்தக் காணியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அன்ரிவைரஸ் மற்ற மென்பொருட்களைப் போன்றது அல்ல. பாட்டுக் கேட்கும் செயலியோ, தட்டச்சுச் செயலியோ கணினியின் முன்விறாந்தையில் நிற்கும். அன்ரிவைரஸ் கருவறைக்குள் நிற்கும். விண்டோஸ் எழும்பும்போது மற்றவற்றுக்கு முன்னரே அதன் சாரதி நிரல் எழும்புகிறது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் உங்களுக்கு முன்னர் அது திறந்து பார்க்கிறது. தன்னை நிறுத்த வரும் கட்டளையை மறுக்கும் சுயபாதுகாப்பும் அதற்கு உண்டு. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: ஒரு கணினிக்குள் புகும் கெட்ட நிரல் முதலில் செய்யப் பார்ப்பது அன்ரிவைரஸைக் கொல்வதைத்தான். கள்ளனால் இலகுவில் வெளியேற்ற முடியாத காவல்காரன் வேண்டுமென்றால், வீட்டுக்காரருக்கும் அவனை வெளியேற்றுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். நிறுவனங்கள் இந்த நியாயத்துக்குப் பின்னால் வியாபாரத்தையும் ஒளித்துக்கொள்கின்றன என்பதே சிக்கல். ‘அகற்று’ என்ற பொத்தானை அழுத்தினால் மூன்று முறை ‘நிச்சயமாகவா?’ என்று கேட்பதிலும், விலைக்கழிவு காட்டி மறிப்பதிலும், அகற்றிய பிறகும் ஒரு துண்டை உலாவியில் விட்டுப் போவதிலும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இவ்வளவு ஆழத்தில் நிற்பவன் தடுக்கி விழுந்தால் என்னவாகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய ஒரேயொரு பிழையான இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் முடங்கின. பல இடங்களில் தொழில்நுட்பவியலாளர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து, ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

விழாமல் நின்றாலும் பிரச்சினை உண்டு. கஸ்பெர்ஸ்கி மீதான சந்தேகம் 2024இல் தொடங்கியதல்ல. 2017 செப்டெம்பரிலேயே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் அரச நிறுவனங்களின் கணினிகளிலிருந்து அதை நீக்கச் சொன்னது. அதன் பின்னணியில் பேசப்பட்ட கதை கவனமாகக் கேட்க வேண்டியது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தில் வேலை செய்த ஒருவர் இரகசியக் கோப்புகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோயிருந்தார். அதில் கஸ்பெர்ஸ்கி இருந்தது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, அவர் கள்ள மைக்ரோசொவ்ட் ஒஃபிஸுக்கான திறவுகோல் உருவாக்கியை ஓட்டுவதற்காக அன்ரிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அந்தத் திறவுகோல் உருவாக்கியோடு ஒரு நச்சுநிரலும் உள்ளே வந்தது. மறுபடி அன்ரிவைரஸை ஓடவிட்டபோது அது முழுக் கணினியையும் துழாவி, சந்தேகத்துக்கிடமான ஒரு சுருக்கக் கோப்பைக் கண்டு, ‘மாதிரி’ என்று தன் நிறுவனத்துக்கு அனுப்பியது. அதற்குள் இருந்தவை அமெரிக்க உளவு நிரல்கள். வந்ததை அழித்துவிட்டோம் என்கிறது நிறுவனம். ரஷ்ய உளவுத்துறை அந்த மென்பொருளைத் தேடல் கருவியாகவே பயன்படுத்தியது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. நிறுவனம் அதை மறுத்தது. தரவுகளைக் கையாளும் வேலையில் ஒரு பகுதியை சுவிற்சர்லாந்துக்கு மாற்றியது. நிரல்மூலத்தைப் பார்வையிட நிலையங்களைத் திறந்தது. யார் சொல்வது உண்மை என்று நீங்களும் நானும் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் இரண்டு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு: ஒருவரது வீட்டுக் கணினியில் இருந்த கோப்பு, அவர் அனுப்பாமலேயே வேறொரு நாட்டுக்குப் போனது. மாதிரி அனுப்புதல் என்பது அநேகமாக எல்லா அன்ரிவைரஸ்களிலும் உள்ள சாதாரண வசதி.

ரஷ்ய நிறுவனம் என்பதால்தான் இது என்று நினைக்க வேண்டாம். செக் நாட்டில் பிறந்த அவாஸ்ற், எங்கள் ஊர் நெற்கஃபேக்களில் இலவசம் என்பதற்காக ஏற்றப்பட்டிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2014 முதல் 2020 வரை அது சேகரித்த இணைய உலாவல் தரவு, ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் ஊடாக நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது என்று அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. யார் எந்த மதத்தவர், யாருக்கு என்ன வருத்தம், யாருடைய அரசியல் சாய்வு என்ன என்பதெல்லாம் அந்தத் தரவிலிருந்து தெரியும். 2024 பெப்ரவரியில் 16.5 மில்லியன் டொலர் செலுத்தவும், விளம்பரத்துக்காக அத்தரவை விற்பதை நிறுத்தவும் ஆணைக்குழு சொன்னது. கண்காணிப்பவர்களிடமிருந்து உங்களைக் காப்போம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருள் கணினிக்குள் ஏறியிருந்தது.

வடக்கு-கிழக்கில் ஒரு குடும்பக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடந்த வருடம் முல்லைத்தீவில் ஒரு தாயின் வீட்டில் அவருடைய மடிக்கணினியைப் பார்க்கக் கேட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகள் பாவித்துவிட்டு அனுப்பியது. “தம்பி, இது ஒவ்வொரு நாளும் ஆபத்து ஆபத்து எண்டு சிவப்பில கத்துது. ஆரும் உள்ளுக்குப் பூந்திட்டாங்களோ எண்டு எனக்கு நெஞ்சு படபடக்குது” என்றார். யாரும் புகவில்லை. கணினியோடு வந்த இலவசத் தவணை முடிந்த ஒரு அன்ரிவைரஸ், காசு கட்டச் சொல்லித்தான் கத்தியது. அதற்கு மேல், திருத்தக் கொடுத்த கடையில் இன்னொன்றும் ஏற்றியிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்து மல்லுக்கட்டியதில் ஒரு படத்தைத் திறக்கவே நிமிடக்கணக்காகியது.

அந்தக் கணினியில் இருந்தவை காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய ஸ்கான் பிரதிகள்: செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்த இலக்கம். மகனின் பழைய படங்களை ஒரு ஸ்ரூடியோக்காரர், சொடுக்கினால் தானே விரியும் ஒற்றைக் கோப்பாகச் சுருக்கிக் கொடுத்திருந்தார். அந்த வகைக் கோப்பைக் கண்டால் அன்ரிவைரஸ்களுக்குச் சந்தேகம் வரும். அதைத் தனிமைப்படுத்தல் பகுதிக்குள் தள்ளியிருந்தது. “படங்கள் அழிஞ்சு போச்சுது” என்று அந்த அம்மா மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார். மென்பொருளை அப்படியே அகற்றியிருந்தால் தனிமைப்படுத்தியதும் சேர்ந்தே போயிருக்கும். முதலில் அந்தக் கோப்பை மீட்டெடுத்து, வேறொரு புதிய கணினியில் சோதித்து, இரண்டு பென் ட்ரைவில் பிரதி எடுத்த பிறகே மற்ற வேலை தொடங்கியது.

ஆகவே அகற்றப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விடயம் அதுதான்: தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறந்து பாருங்கள், பிறகு முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுங்கள். வன்தட்டு பிற்லொக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவுகோலை எழுதி வையுங்கள். பாதுகாப்புப் பயன்முறைக்குள் போகும்போது கணினி அதைக் கேட்கக்கூடும். மற்றவர் தந்த கணினி என்றால் அந்தத் திறவுகோல் அவருடைய மைக்ரோசொவ்ட் கணக்கில் கிடக்கலாம். முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

அதன் பின்னர் அன்ரிவைரஸின் அமைப்புகளுக்குள் போய் சுயபாதுகாப்பு என்ற தெரிவை நிறுத்திவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பட்டியலிலிருந்து அகற்றி, கணினியை மீளத் தொடங்குங்கள். அநேகமானவை இதோடு போய்விடும். போகாவிட்டால், மக்காஃபி, நோர்ட்டன், கஸ்பெர்ஸ்கி, அவாஸ்ற் எல்லாமே தத்தம் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி வைத்திருக்கின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். தேடுபொறியில் ‘அன்ரிவைரஸ் அகற்றும் கருவி’ என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்குவது, வீட்டில் உள்ள காவல்காரனைக் கலைக்கத் தெருவில் போகிறவனுக்குச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதுவும் சரிவராவிட்டால், ஷிஃப்ற் விசையை அழுத்திக்கொண்டே ‘மீளத் தொடங்கு’ என்பதைச் சொடுக்கினால் வரும் பட்டியல் ஊடாகப் பாதுகாப்புப் பயன்முறையில் திறந்து அதே கருவியை ஓட்டலாம். அங்கே அன்ரிவைரஸின் பெரும்பாலான பாகங்கள் எழும்பியிருக்காது. கோப்புறைகளைக் கையால் அழிப்பதும், ரெஜிஸ்ட்ரியைக் கிண்டுவதும் வேண்டாம். பாதி அழிந்த அன்ரிவைரஸ் முழு அன்ரிவைரஸை விடத் தொல்லை.

மற்றவை எல்லாம் போன பிறகு விண்டோஸில் உள்ள டிஃபென்டர் தானாகவே பொறுப்பேற்கும். விண்டோஸ் பாதுகாப்புத் திரையில் அது ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பதே என் அபிப்பிராயம். அதுவும் மாதிரி அனுப்பும். தனிப்பட்ட விபரம் இருக்கக்கூடிய கோப்பு என்றால் முதலில் கேட்கும் என்கிறது மைக்ரோசொவ்ட். வாக்குமூலங்களும் சாட்சியங்களும் உள்ள கணினியில் அந்தத் தானியங்கி மாதிரி அனுப்புதலை நான் நிறுத்தி வைப்பேன்.

இன்னும் இரண்டு விடயம். திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று குதிக்கும் அறிவித்தல் பல வேளைகளில் அன்ரிவைரஸிடமிருந்து வருவதே இல்லை. ஏதோ ஒரு இணையத்தளத்துக்கு உலாவியில் தெரியாமல் கொடுத்த அறிவித்தல் அனுமதி அது. குரோமின் அமைப்புகளில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். அடுத்தது காசு: மென்பொருளை அகற்றினாலும் சந்தா நிற்காது. கனடாவில் மகளின் கடனட்டையிலிருந்து வருடா வருடம் டொலர் போய்க்கொண்டே இருக்கும். கணக்குக்குள் போய் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்த வேண்டும்.

சட்டம் கைகொடுக்குமா என்றால், இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச் நெருங்கியபோது அந்தத் திகதி பின்போடப்பட்டது. பொதுமகன் ஒருவரின் கணினியில் கேட்காமல் ஏறிய மென்பொருளுக்காக இங்கே ஒரு நிறுவனத்தை நிறுத்திக் கேள்வி கேட்கும் நிலை கிட்டத்தில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடக் கிட்ட இருக்கிற கேள்வி ஒன்று உண்டு. தொண்டு நிறுவனங்கள் எங்கள் பிரதேச அமைப்புகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் அன்ரிவைரஸ், அமைப்பின் கையில் இல்லாமல் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு நிர்வாகத் திரையின் கையில் இருக்கலாம். திட்டம் முடிந்து, கொடுத்தவர்கள் போன பிறகும் அந்தத் திரை திறந்தே இருக்கக்கூடும். எந்தக் கணினி இயங்குகிறது, எந்தக் கோப்பு பிடிபட்டது என்பது அங்கே தெரியும். அகற்றப் போனால் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கடவுச்சொல் உங்களிடம் இருக்காது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடனோ, காணிப் பிணக்குகளுடனோ வேலை செய்யும் அமைப்பு ஒன்றில் நீங்கள் இருந்தால், அந்தக் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கொடுத்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.