ஆய்வேடுகளில் எண் குளறுபடி: பல்கலைக்கழகங்களே பொறுப்பு

'அட்டவணை 4.7இல் காண்பதுபோல' என்கிறது முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒரு வரி. புரட்டிப் பார்த்தால் அங்கே இருப்பது வேறு அட்டவணை. தேடியது 4.8 ஆகியிருக்கிறது, முன்பக்கப் பட்டியலிலோ அது இன்னமும் 4.6. இத்தகைய ஆய்வேடுகள் நெறியாளரின் கையொப்பம் பெற்று, தேர்வாளர்களையும் கடந்து, சோத்கங்கா மின் களஞ்சியத்தில் நிரந்தரமாக ஏறிவிடுகின்றன. இதை அச்சுப்பிழை என்று ஒதுக்க முடியாது. ஆய்வாளர் எந்தத் தரவைக் கொண்டு எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு வாசகரிடம் உள்ள ஒரே வழிகாட்டி அந்த எண்தான்.

மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கண்டனத்துக்கு உரியவை பல்கலைக்கழகங்கள். இடது ஓரம் எவ்வளவு, வரி இடைவெளி எவ்வளவு, எழுத்தின் அளவு என்ன, அட்டவணைக்குத் தலைப்பு மேலா கீழா, அட்டையின் நிறம் எது என்றெல்லாம் அவற்றின் விதிமுறைக் கையேடுகள் கறாராகப் பேசுகின்றன. அந்தத் தலைப்பில் உள்ள எண் எப்படி உருவாக வேண்டும் என்பதற்கு ஒரு வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் மாணவரோ தட்டச்சு மையத்தில் இருப்பவரோ ஒவ்வோர் எண்ணையும் கையால் அடிக்கிறார்.

கடைசி நேரத்தில் நெறியாளர், "அந்த மூன்றாவது படம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்பார். அந்த அத்தியாயத்தில் அதற்குப் பின்வரும் எல்லாப் படங்களின் எண்ணும் அந்த நொடியே பொய்யாகிவிடும். உடலுரையில் அவற்றைச் சுட்டும் இடங்களும் பட்டியலும் பொய்யாகிவிடும். இரவெல்லாம் உட்கார்ந்து திருத்தினாலும் ஏதோ ஓரிடம் தப்பிவிடும்.

இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருள், படத்துக்கும் அதைச் சுட்டும் வரிக்கும் தானே எண்ணிடுகிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'ரெஃபரன்ஸஸ்' தாவலில் உள்ள 'இன்சர்ட் கேப்ஷன்' இதற்காகவே இருக்கிறது. 'நியூ லேபிள்' கொடுத்து 'படம்', 'அட்டவணை' என்று தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளலாம். 'படம் 3.4' என அத்தியாய எண்ணோடு வர வேண்டுமானால், அத்தியாயத் தலைப்பு எண்ணிடப்பட்ட 'ஹெடிங் 1' பாணியில் இருக்க வேண்டும். வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கிய தலைப்பு உதவாது. பலர் இந்த இடத்தில்தான் தோற்று, மீண்டும் கையால் அடிக்கப் போய்விடுகிறார்கள்.

மைக்ரோசாஃப்டும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. புதிய கேப்ஷனைச் செருகினால் அடுத்து வரும் கேப்ஷன்களின் எண்ணை வேர்டு மாற்றிவிடுகிறது. ஒன்றை நீக்கினாலோ நகர்த்தினாலோ சும்மா இருக்கிறது. முழுவதையும் தேர்ந்து எஃப்9 விசையை அழுத்த வேண்டும். அப்போதும் உரைப்பெட்டிக்குள் இருக்கும் எண்களை அது தொடாது. தமிழுக்கு இன்னொரு இடர். 'அட்டவணை 3.4இல்' என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. சுட்டு எண்ணுக்குப் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டிக்கொள்ளலாம். '3.4ஆம் அட்டவணையில்' என்று எழுத எண் மட்டும் தேவை. வேர்டின் கேப்ஷன் சுட்டுப் பட்டியலில் பெயரும் எண்ணும் சேர்ந்துதான் கிடைக்கும். இலவச மென்பொருளான லிப்ரெ ஆஃபிஸ் எண்ணை மட்டும் தருகிறது. கட்டணம் வாங்கும் மென்பொருளில் இந்த வசதி இல்லாதது நியாயமல்ல. அதைச் சேர்த்தாக வேண்டும்.

ஆனாலும் மென்பொருளின் குறையைக் காட்டிப் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கிக்கொள்ள நாம் இடம் தரமாட்டோம். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை கொண்டுவந்த பின், ஒவ்வோர் ஆய்வேட்டையும் மென்பொருளில் இட்டு ஒப்புமைச் சதவீதம் பார்க்கிறார்கள். அதே ஆய்வேட்டின் வேர்டு கோப்பில் எண்கள் சரியா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். எண்ணின்மேல் சொடுக்கினால் வழக்கமாகச் சாம்பல் நிறம் படரும். படராவிட்டால் பெரும்பாலும் அது கையால் அடித்தது. சுட்டிய கேப்ஷன் அழிந்துபோயிருந்தால், புதுப்பித்தவுடன் அந்த இடத்தில் பிழைச் செய்தி தடித்த எழுத்தில் வந்து நிற்கும். அதையும் படிக்காமல் அச்சடித்து அட்டை கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. கையொப்பமிடும் நெறியாளருக்கு அது கண்ணில் படாமல் போவது எப்படி?

பட விளக்கம், அட்டவணைத் தலைப்பு, அவற்றைச் சுட்டும் இடங்கள் அனைத்தும் தானியங்கி எண்ணிலேயே இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். பிடிஎஃப் கோப்போடு மூலக் கோப்பையும் வாங்குங்கள். கையால் அடித்த எண் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டாயமான பாடநெறிப் பணியில், ஆய்வு முறையியலோடு இதற்கும் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். அந்த வகுப்பில் முதலில் நெறியாளர்கள் உட்காரட்டும். அடுத்த கல்வியாண்டுக்கான விதிமுறைக் கையேடு அச்சுக்குப் போகுமுன் இவை அதில் ஏறியிருக்க வேண்டும்.