இணைத்துக் கற்றல்

கல்லூரிகளில் சொற்செயலி, விரிதாள், விளக்கக்காட்சி ஆகிய மென்பொருள்கள் பெரும்பாலும் தனித்தனிப் பாடங்களாகவே கற்பிக்கப்படுகின்றன. அலுவலகப் பணியோ அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை.

1979இல் வெளிவந்த விசிகால்க் என்னும் விரிதாள், ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கணக்குகள் யாவும் தாமே மாறும் வசதியைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்று அவ்வசதி ஒரு மென்பொருளின் எல்லையைக் கடந்துவிட்டது. விரிதாளில் உள்ள பெயரும் மதிப்பெண்ணும் அஞ்சல் ஒன்றிணைப்பின் வழியே மடல்களில் உரிய இடத்தில் அமைகின்றன. விளக்கக்காட்சியில் இணைப்பாக ஒட்டிய வரைபடத்தை, மூலத் தரவு மாறும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். இதனை அறியாதவர் முந்நூறு பெயர்களை மும்முறை தட்டச்சு செய்வார்; ஒவ்வொரு முறையும் பிழை நுழைய வழி பிறக்கும்.

எனினும், இணைப்பு பிழையையும் சுமந்து செல்லும். விரிதாளில் 76 என்பது 67 எனப் பதிவானால், மடலிலும் அறிக்கையிலும் அதுவே நிற்கும். ஒரு மாணவரின் உதவித்தொகையும் கைநழுவலாம். ஆகவே, மூலத் தரவைச் சரிபார்க்கும் பழக்கமும் இக்கல்வியின் இன்றியமையாப் பகுதியாகும்.

செய்முறைத் தேர்வும் கட்டளைகளின் பெயர்களைக் கேட்பதோடு அமையாமல், ஒரு பணியைத் தரவுப் பதிவு முதல் அறிக்கை வரை முழுமையாகச் செய்யப் பணிக்க வேண்டும். அப்போதுதான் கல்லூரியில் கற்றது அலுவலக மேசையில் பயன்தரும்.