சொகுசு வண்டிகளுக்குத் தடம் வகுப்போம்

லடாக்கின் பாங்காங் ஏரி நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு ஆடி கார் ஓடும் காணொளி 2022 ஏப்ரலில் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இமாச்சலத்தின் லாஹௌலில், நெரிசலைத் தவிர்க்க ஒரு தார் வண்டி சந்திரா ஆற்றுக்குள் இறக்கப்பட்டது. காவல் துறை அபராதம் விதித்தது. இரண்டு முறையும் கண்டனம் எழுந்து அடங்கியது. இத்தகைய வண்டிகள் எங்கேதான் ஓடலாம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேலே, குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது. அந்த ஏரி அமைந்துள்ள சாங்தாங் பகுதியின் ஈரநிலங்களில்தான் கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுகின்றன. ஆண்டில் சில மாதங்களே செடிகள் வளரும் நிலம் அது. சக்கரம் நசுக்கிய புல் அங்கே எளிதில் மீளாது.

இதற்காக வண்டிகளைக் குறைசொல்வதில் நியாயமில்லை. கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே உருவானவை அவை. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரில் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை கிடைத்தது. நான்கிலும் சுருள்வில் சஸ்பென்ஷன் இருந்தது. 1971-72இல் ஜான் பிளாஷ்ஃபோர்டு-ஸ்னெல் தலைமையிலான பிரிட்டிஷ் குழு, இரண்டு ரேஞ்ச் ரோவர்களை அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனைவரை ஓட்டிச் சென்றது. பனாமா - கொலம்பியா எல்லையிலுள்ள டேரியன் சதுப்புக் காட்டைக் கடக்க மட்டும் சுமார் நூறு நாட்கள் பிடித்தன. சேற்றுக்கென மாட்டிய பெரிய டயர்களின் பளு தாங்காமல் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. ஆட்கள் முன்னே நடந்து காட்டை வெட்டி வழி செய்தார்கள். ஆறுகளில் வண்டிகளைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். பாதையைக் காலால் அளந்தவர்கள் இல்லாமல் அந்தப் பயணமே இல்லை.

இன்று அந்த வேலையின் பெரும்பகுதியை மின்னணுவியல் எடுத்துக்கொண்டுவிட்டது. 2004இல் அதே நிறுவனத்தின் டிஸ்கவரி 3 வண்டியில் வந்த ‘டெரெய்ன் ரெஸ்பான்ஸ்’ முறையில், மணலா, சேறா, பாறையா என ஒரு குமிழைத் திருப்பினால் போதும். எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்கேற்ப மாறும். இறங்கிப் பார்க்கும் பழக்கம் இதனால் தேய்கிறது. ஆனால், இயற்பியல் மாறவில்லை. இரண்டரை டன் எடையுள்ள வண்டி 22, 23 அங்குலச் சக்கரங்களோடு பாறையில் ஏறும்போது, டயரின் பக்கச்சுவர் குறுகலாக இருப்பதால் காற்றைப் போதிய அளவு குறைக்க முடியாது. குறைத்தால் ரிம் அடிபடும். இன்றைய ரேஞ்ச் ரோவர் 90 செ.மீ. ஆழ நீரைக் கடக்கும் என்பதும் வண்டியின் தாங்குதிறன் மட்டுமே. ஏரியின் அடித்தரை எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

நிலத்தையும் காத்து வண்டிகளையும் ஓட்ட வழி உண்டு என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள ரூபிகான் தடம் சுமார் 35 கி.மீ. நீளம். 1953இல் அங்கே ‘ஜீப் ஜாம்போரி’ எனும் ஜீப் ஓட்டிகளின் கூட்டுப் பயணம் முதன்முதலாக நடந்தது. பிற்காலத்தில் கூட்டம் பெருகி, மண் அரிப்பும் எண்ணெய்க் கசிவும் மனிதக் கழிவும் ஓடைகளைக் கெடுத்தன. 2009இல் நீர்த் தர வாரியம் சீரமைப்புக்கு உத்தரவிட்டது. தடத்தை ஒரேயடியாக மூடுவதற்குப் பதிலாக, கவுன்டி நிர்வாகமும் வனத் துறையும் வண்டியோட்டிகளின் தன்னார்வக் குழுக்களும் கைகோத்தன. பாலம், வடிகால், கழிப்பறை எல்லாம் வந்தன.

இந்தியாவுக்கு இந்த அனுபவம் அவசரத் தேவை. 2024 முதல் ரேஞ்ச் ரோவர் புணேயிலேயே பொருத்தப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா குழுமத்தின் வாகன ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டிகள் பெருகும், ஓட்டும் ஆசையும் பெருகும்.

தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்பவர்கள் அந்த வழியின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த உள்ளூர் ஜீப் ஓட்டுநர்கள். அத்தகையவர்களின் துணையோடு மாநில அரசுகள் தடங்களை வகுக்க வேண்டும். கைவிடப்பட்ட குவாரிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டு, நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பு, உள்ளூர் வழிகாட்டி ஆகியவை கட்டாயமாக வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு ஊராட்சிக்குச் சேர வேண்டும். ஈரநிலம், ஏரி, ஆற்றுப்படுகைக்குள் வண்டி இறக்கினால், அபராதத்தோடு அந்த இடத்தைச் சீரமைக்கும் செலவையும் உரிமையாளரிடமே வசூலிக்க வேண்டும்.