கணக்கில் வராத அரை ஷிப்ட்

ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் என்று பெயர் வைத்து ஆறு ஆண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாய். ஏற்றுமதியாளர்களிடம் ஈடு கேட்காமல் வங்கிகள் கடன் கொடுப்பதற்கு 20,000 கோடி ரூபாய் வரை அரசின் உத்தரவாதம். 2025 நவம்பர் 12-ம் தேதி டெல்லி இந்த இரண்டையும் அறிவித்தது. இரண்டு நாளில் ரிசர்வ் வங்கியும் சேர்ந்துகொண்டு, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை ஏற்றுமதியாளர்கள் கட்டவேண்டிய கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வழிவிட்டது. திருப்பூரின் பனியன் கம்பெனி முதலாளிகள் இதைக் கேட்டு மூச்சு விட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு. மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கு இந்த அறிவிப்புகளில் ஒரு ரூபாய்கூட இல்லை.

அமெரிக்காவின் 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27-ல் அமலான பிறகு நடந்ததெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். 2024-25-ல் 44,000 கோடி ரூபாயைத் தாண்டி ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அதில் ஏறத்தாழ 30 சதவீதம் அமெரிக்காவுக்குப் போனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19 சதவீதம் என்று வரி நின்றபோது, 50 சதவீதம் கட்டித் திருப்பூர் டி-சர்ட்டை வாங்க அமெரிக்காவில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆர்டர்கள் நின்றன, தள்ளிப்போயின. நிற்காத இடங்களில் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் கைகொடுக்கும் என்றார்கள். நிவாரணம் அறிவித்தபோது அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இந்த ஊரில் நெருக்கடி எந்த வாசல் வழியாக உள்ளே நுழையும் என்பது அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கம்பெனி பூட்டுவதும் ஆளை நிறுத்துவதும் கடைசியில்தான். முதலில் போவது அரை ஷிப்ட்.

காலை எட்டரைக்கு உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். அதை மட்டும் நம்பித் திருப்பூரில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை. டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து இரவு எட்டரை, ஒன்பது வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவருக்குக் கனம் சேர்ப்பது அந்த அரைதான். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் 4,500 ரூபாயோடு வீட்டுக்குப் போவார். "ஐந்தரையோட போதும், கிளம்புங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டால் அது 3,000. வாரத்தில் இரண்டு நாள் கட்டிங் வராமல் மெஷின் சும்மா கிடந்தால் 2,000. வேலை போகவில்லை, பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் அப்படியே இருக்கிறது, புள்ளிவிவரத்தில் அவர் பணியில் உள்ளவர். சம்பளம் மட்டும் பாதிக்குக் கீழே போய்விட்டது.

பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால்தான் சோறு என்ற ஏற்பாடே சரியில்லை என்பது வேறு விஷயம். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும். பல கம்பெனிகளில் அரை ஷிப்டுக்கும் ஒற்றைக் கூலிதான். ஆகவே அது ஏட்டில் ஏறுவதும் இல்லை. ஏட்டில் இல்லாத ஒன்றை இழந்ததாக எந்த அலுவலகத்தில் போய் நிரூபிப்பது? காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் பாடு இன்னும் மோசம். அவருக்கு முழு ஷிப்டுக்கே ஏடு இல்லை. வேலையிழந்த தொழிலாளிக்கு உதவ இ.எஸ்.ஐ.யில் 2018 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 2025-ல் இருந்த விதிப்படி சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதற்கும் வேலை முழுதாகப் போயிருக்கவேண்டும். அரையாகப் போனவருக்கு அந்தக் கதவும் திறக்காது.

இத்தனைக்கும் 2021-ல் போட்ட பனியன் தொழிலாளர் கூலி ஒப்பந்தம், நான்காண்டில் 32 சதவீத உயர்வு என்று பேசி முடித்தது, 2025-ல் முடிந்தது. புதிய உயர்வு கேட்டு உட்காரவேண்டிய நேரத்தில், இருக்கிற ஷிப்டைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்ற நிலைக்குத் தொழிற்சங்கங்கள் தள்ளப்பட்டன.

கம்பெனி கேட்டுக்கு வெளியே இந்த அரை ஷிப்டை நம்பித்தான் பாதி ஊர் கடை விரித்திருக்கிறது. மளிகைக் கடையின் பற்று நோட்டு சனிக்கிழமை இரவு நேராகும். நேராகாவிட்டால் திங்கள்கிழமை எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கக் கடைக்காரர் கை தயங்கும். அரை ஷிப்ட் ஆட்களுக்காகவே மாலையில் பஜ்ஜி போடுகிறவர்களும் ராத்திரி பரோட்டா கடைக்காரர்களும் இருக்கிறார்கள். லைன் வீட்டு வாடகை, செல்போன் ரீசார்ஜ், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போகும் பணம் எல்லாம் அதே கவரிலிருந்து. தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் பெண்கள் குழுக் கடனின் வாரத் தவணையை இதில்தான் கட்டுகிறார்கள். முதலாளியின் தவணையைத் தள்ளிவைக்க வழிவிட்ட ரிசர்வ் வங்கி இவர்களின் தவணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வசூலுக்கு வருகிறவர் வழக்கம்போல வந்து வாசலில் நிற்பார். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யைக் குறைத்துவிட்டு, மக்கள் கடைக்குப் போய்க் கொண்டாடுவார்கள் என்று டெல்லி எதிர்பார்த்தது. வரி குறைந்த பொருளை வாங்கவும் சனிக்கிழமை கவரில் ஏதாவது இருக்கவேண்டுமே.

கடன் கம்பெனியைக் காப்பாற்றும், கம்பெனி தொழிலாளியைக் காப்பாற்றும் என்று பதில் வரும். கடன் ஆர்டரைக் கொண்டுவராது. தைக்க ஆர்டர் இல்லாத கம்பெனி, கடன் வாங்கி வட்டி கட்டுமே தவிர, வேலையில்லாத அரை ஷிப்டுக்கு ஆளைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்காது. வாடகை ஷெட்டில் இருபது மெஷின் போட்டு, பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர், தனக்கு வரவேண்டிய பில்லுக்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறார். ஏற்றுமதியாளர் என்று எழுதிய அறிவிப்பில் அவர் தன்னைத் தேடிக்கொண்டிருக்கவேண்டும்.

டெல்லியின் இதே மேஜையிலிருந்து வந்த பழைய அறிவிப்புகளையும் திருப்பூர் மறக்கவில்லை. 2016 ஜூன் 22-ல் ஜவுளி, ஆயத்த ஆடைத் துறைக்கு 6,000 கோடி ரூபாய்ச் சிறப்புத் தொகுப்பு வந்தது. மூன்றே ஆண்டில் ஒரு கோடி வேலை, 3,000 கோடி டாலர் கூடுதல் ஏற்றுமதி, 74,000 கோடி ரூபாய் முதலீடு என்று வாக்களித்தார்கள். 2015-16-ல் ஏறத்தாழ 1,700 கோடி டாலராக இருந்த இந்தியாவின் ஆயத்த ஆடை ஏற்றுமதி, மூன்றாண்டு முடிந்த 2018-19-ல் 1,600 கோடி டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. 2024-25-லும் ஏறத்தாழ அதே 1,600 கோடிதான். அந்த ஒரு கோடி வேலை எந்த ஊரில் இறங்கியது என்று இன்றுவரை யாரும் கணக்குக் காட்டவில்லை. அந்தத் தொகுப்பில் இருந்தவற்றில், குறிப்பிட்ட காலத்துக்கு ஆளெடுக்கும் வசதி மட்டும் சொன்னபடி வந்து சேர்ந்தது.

பஞ்சைப் பாருங்கள். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி போட்டார்கள். நூல் விலை ஏறி, 2022 மே மாதம் திருப்பூர் இரண்டு நாள் மெஷினை நிறுத்திப் போராடியது. அந்த ஆண்டு சில மாதம் விலக்கு, பிறகு மறுபடி வரி. 2025 ஆகஸ்ட் 19-ல், அமெரிக்க வரி கழுத்துக்கு வந்த பிறகு, செப்டம்பர் 30 வரை விலக்கு என்றார்கள். ஆர்டர் போட்டு, பஞ்சு கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்க ஆறு வாரம் போதுமா என்று மில்காரர் யாரையாவது கேட்டிருக்கலாம். ஒன்பது நாள் கழித்து அதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். துணிக்கு ஜி.எஸ்.டி.யை 12 சதவீதமாக்கி 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவித்துவிட்டு, டிசம்பர் 31 அன்று அதை ஒத்திவைத்ததும் இவர்கள்தான். விலைப் பட்டியலை மாற்றி அச்சடித்த திருப்பூர் காதர்பேட்டை வியாபாரிகளின் செலவை யாரும் திருப்பித் தரவில்லை.

கூலி விஷயத்தில் டெல்லி ஒரே ஒரு முறை வாய் திறந்தது. 2020 மார்ச் 29-ல், ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டது. கொடுப்பதற்கு அரசு தன் பையிலிருந்து எதையும் எடுத்து வைக்கவில்லை. ஏழு வாரத்தில் உத்தரவே வாபஸ். அதே மே மாதம் கம்பெனிகளுக்கு உத்தரவாதக் கடனாக 3 லட்சம் கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து அதே மருந்தை வேறு குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்கள். நவம்பர் 12-ல் நிவாரணம் அறிவித்த ஒன்பதாவது நாள் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயமாம். ஐந்தரைக்கு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர் அதை வாங்கி எந்தக் கடையில் மாற்றுவார்?

தவறு தெரியாமல் நடந்தது என்று இனியும் சொல்லமுடியாது. 2016-லும் 2020-லும் கம்பெனிக்குப் போனது கூலியாகக் கீழே இறங்கவில்லை என்று பார்த்த பிறகும், மூன்றாவது முறையாக அதே குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் வரும் என்கிறார்கள். அந்த மேஜையில் டெய்லர் சார்பாகப் பேச ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

குறைந்த ஷிப்டுக்கு ஈடாக ஏதாவது ஒரு வழி காணப்படவேண்டும். அது இ.எஸ்.ஐ. மூலம் வருமா, கம்பெனிக் கடனோடு நிபந்தனையாகச் சேருமா, குழுக் கடன் தவணைக்கு அவகாசமாக வருமா என்பதைத் தொழிற்சங்கங்களையும் ஜாப் ஒர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து முடிவு செய்யட்டும். பஞ்சு விலக்கும் கடன் தவணை அவகாசமும் 2025 டிசம்பர் 31 வரை என்றுதான் அறிவிக்கப்பட்டன. இப்படிப்பட்ட சலுகைகளைப் பற்றிப் பேச டெல்லி இனியும் கூடத்தான் போகிறது. அந்தக் கூட்டத்திலாவது சனிக்கிழமைக் கவர் பேச்சில் வரவேண்டும்.