உளியோசை கேட்கும் ஊரில் உரிமைப் பாடம்

பச்சைமலைச் சாரலை ஒட்டி, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டத்திலே அரும்பாவூர் என்றோர் ஊர். அருகிலே தழுதாழை. இரண்டு ஊரிலும் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது உளியோசை. வாகையும் வேம்பும் மாவும் அங்கே சிலையாகின்றன, தேராகின்றன, வாகனமாகின்றன, வாசற்கதவாகின்றன. ஒரே கட்டையிலே, ஒட்டுப்போடாமல், உருவத்தை வெளியே கொண்டுவரும் கை அந்தக் கை.

செதுக்கப்படுவது பெரும்பாலும் சாமி உருவங்கள். சாமியோடு நமக்குள்ள வழக்கு ஊரறிந்தது. ஆனால் செதுக்குகிறவனோடு நமக்கு வழக்கேதும் இல்லை. அவன் உழைப்பாளி. உருவத்தைக் கும்பிடுவோர் கும்பிட்டுப் போகட்டும். உளி பிடித்து உரமேறிய உள்ளங்கையை நாம் மதிக்கிறோம்.

2020-ஆம் ஆண்டிலே அந்த மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே சமயத்தில் கிடைத்தது. ஏடுகள் எழுதின, நாமும் மகிழ்ந்தோம். நாடு முழுதுக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் நமது சென்னைக் கிண்டியிலேதான் இருக்கிறது என்பதிலும் நமக்கொரு பெருமை. ஆனால் தோழர்களே, அந்தக் குறியீடு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று அரும்பாவூர்ச் சிற்பியின் மகனைக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பிலே படிக்கிறவன். பித்தகோரஸ் தேற்றத்தைச் சொல்வான், பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்வான். 'உன் அப்பன் செய்த சிலையை இன்னொருவன் அச்சு அசலாகச் செய்து விற்றால் சட்டம் என்ன சொல்கிறது?' என்று கேட்டால் விழிப்பான். குற்றம் அவனுடையதா? அவனுக்குச் சொல்லித் தந்தவர் யார்?

நாம் சொல்கிறோம், கேட்டுக்கொள்ளட்டும். புவிசார் குறியீடு காப்பது ஊரின் பெயரை. வேறெங்கோ எந்திரத்திலே கடைந்த பொருளை 'அரும்பாவூர் மரச்சிற்பம்' என்று பெயர் சூட்டி விற்றால், அதைத் தடுக்கலாம். அவ்வளவே! பெயர் சூட்டாமல் அதே வேலைப்பாட்டை விற்பவனைத் தடுக்கும் வலிமை அந்தக் குறியீட்டுக்கு இல்லை. அந்தப் பெயரின் பாதுகாப்பை முழுதாகப் பெறுவதற்கும், சங்கம் பதிந்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கைவினைஞனும் தன் பெயரை 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-இல் விதியைத் திருத்தி 10 ரூபாயாக்கினார்கள். பத்தே ரூபாய்! தேநீரும் வடையும் வாங்கும் காசு. காசு தடையில்லை, இப்படியொரு பதிவு உண்டு என்பதை அந்தத் தெருவுக்குச் சொல்லாததுதான் தடை.

இனி, சிற்பி தானே கற்பனை செய்து வடித்த புது உருவம். அதைக் காப்பது வேறொரு சட்டம்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பதிப்புரிமை என்றதும் புத்தகம் எழுதுகிற புலவருக்கு மட்டும் உரியது என்று நம்மவர் எண்ணுகிறார்கள். இல்லை. சிற்பத்துக்கும் உண்டு, ஓவியத்துக்கும் உண்டு, பாட்டுக்கும் உண்டு. அதைப் பெற எந்த அலுவலக வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. உளியை எடுத்துப் புதிதாய் ஒன்றைச் செய்து முடித்த அந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால் சான்றுக்கு உதவும். செய்யாததனால் உரிமை செத்துவிடாது.

ஆனால் இங்கேதான் உழைப்பாளி விழிப்பாக இருக்க வேண்டும். பட்டறை முதலாளியிடம் ஊழியனாக அமர்ந்து செய்த வேலைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். தானே செய்ததை விற்கிறவன், பொருளை மட்டும் விற்கிறானா, உரிமையையும் சேர்த்து விற்கிறானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமையை எழுதித் தருவது எழுத்திலே இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றுதான் சட்டம் கொள்ளும். எல்லாவற்றையும் விற்றுவிட்ட பிறகும் விற்க முடியாத உரிமை ஒன்று மிஞ்சுகிறது. 'இதைச் செய்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் படைத்தவனுடையவை. சட்டத்தின் 57-ஆம் பிரிவு அது.

ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். தில்லியில் விஞ்ஞான் பவன் சுவருக்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பி 140 அடி நீள வெண்கலச் சிற்பம் ஒன்றைச் செய்து தந்தார். 1979-இல் சர்க்கார் அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கிலே போட்டது. பல பகுதிகள் சிதைந்தன. காசு கொடுத்து வாங்கிய பொருள், எங்கள் விருப்பம் என்றது சர்க்கார். சிற்பி வழக்காடினார். 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் சிற்பியின் பக்கம் நின்றது: எஞ்சியதைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் இழப்பீடும் கொடு என்றது. வாங்கியவன் இந்தியப் பேரரசே ஆனாலும் செய்தவன் மானம் அவனுடையதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவும் படித்ததும் ஒரு தோழர் கேட்கலாம்: 'என்னய்யா இது! அறிவு பொதுவுடைமை என்று மேடைக்கு மேடை முழங்கிவிட்டு, இப்போது அறிவுக்கு வேலி போடும் சட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறீரே?' என்று. கேட்க வேண்டிய கேள்விதான். அறிவுக்கு வேலி போட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டிலே நம்மைவிட அறிந்தவர் யார்? வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியிலே உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்றது கௌதம தர்மசூத்திரம். அதுவும் ஓர் அறிவுடைமைச் சட்டந்தான்! அந்த வேலிக்குக் கால வரையறை இல்லை. பிறப்பே அதற்குப் பத்திரம், புரோகிதரே அதற்குப் பதிவாளர். அந்த வேலியைப் பிடுங்கத்தான் இந்த இயக்கமே பிறந்தது.

ஆகவேதான் சொல்கிறோம், பதிப்புரிமைச் சட்டத்தைப் பாதியாகப் படிக்கக் கூடாது. அதற்கு முன்பக்கமும் உண்டு, பின்பக்கமும் உண்டு. முன்பக்கத்திலே படைத்தவனின் கூலி. பின்பக்கத்திலே படிப்பவனின் உரிமை. 'நகலெடுத்தால் திருட்டு, ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை' என்று முன்பக்கத்தை மட்டும் காட்டி மிரட்டினால், புத்தகம் வாங்கக் காசில்லாத பிள்ளை புத்தகத்தைப் பார்த்தே பயப்படுவான்.

படித்தவரெல்லாம் ஒரு காலத்தில் நகலெடுத்துத்தான் படித்தார்கள். வேறெங்கும் போக வேண்டாம். 2007-இல் தனி மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கிற இந்தப் பெரம்பலூரும் அரியலூரும் ஒரு பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தந்த மண். உ.வே.சாமிநாதையரின் இளமைப் படிப்பின் பெரும்பகுதி இங்கேதான். அரியலூரிலே சடகோப ஐயங்காரிடம் பாடம், பிறகு குன்னம், பிறகு செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர் என்று வழிகாட்டியவரும் அந்த ரெட்டியாரே. அச்சுப் புத்தகம் அருமையாயிருந்த காலம் அது. ஏடு வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும், இரவல் கேட்க வேண்டும், பெயர்த்து எழுத வேண்டும். அன்று 'எழுதாதே, திருட்டு' என்று யாரேனும் மறித்திருந்தால், 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்குமா? 1894-இல் புறநானூறு நம் கைக்கு வந்திருக்குமா?

அவரை வைத்தே பிள்ளைகளுக்குப் பாதிச் சட்டத்தைச் சொல்லித் தரலாம். புறநானூற்றுப் பாட்டு யாருடையது? யாருடையதும் அன்று, எல்லாருடையதும். அவர் எழுதிய முன்னுரையும் குறிப்பும் யாருடையவை? அவருடையவை. எத்தனை காலம்? படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். 1942-இல் அவர் மறைந்தார்; சட்டக் கணக்குப்படி 2002 இறுதியோடு அதுவும் பொதுவாகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்புக் கூட்டல் போதும்.

படிப்பவன் உரிமைக்கும் வழக்கு நடந்தது, அதுவும் தில்லியில். பல்கலைக்கழக வளாகத்திலே ஒரு சிறிய நகலகம். பேராசிரியர்கள் படிக்கச் சொன்ன பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பெரும் பதிப்பகங்கள் 2012-இல் அந்தக் கடையின் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் பாய்ந்தன. யானைகள் மூன்று, எறும்பு ஒன்று! மாணவர்களும் தாமே வழக்கிலே நுழைந்து வாதாடினார்கள். 2016-இல் தீர்ப்பு வந்தது: கல்வி புகட்டும் போக்கிலே ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது குற்றமன்று, சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. பதிப்புரிமை கடவுள் கொடுத்த உரிமையும் இல்லை, இயற்கை கொடுத்த உரிமையும் இல்லை என்று சொல்லாமல் விடவில்லை நீதிபதி. பகுத்தறிவாளர் மேடையிலே பேசினாற்போல் இருந்தது நமக்கு! மேல்முறையீட்டிலும் அந்த நிலை பெரிதும் நின்றது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. முழுப் புத்தகத்தையும் அச்சடித்துச் சந்தையிலே விற்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. பாடத்துக்குத் தேவையானதைப் படிக்கத் தடையில்லை என்று பொருள். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு பக்கம் நகலெடுக்கும் மாணவி குற்றவாளி அல்லள் என்று பொருள்.

வடக்கையும் தெற்கையும் ஒரு கணம் நிறுத்துப் பாருங்கள். 1941-இல் தாகூர் மறைந்தார். அன்றிருந்த சட்டப்படி ஐம்பதாண்டு. 1991 முடிவிலே அவர் எழுத்து மக்களுக்கு வர வேண்டும். வந்ததா? விசுவபாரதியின் வருவாய் போய்விடுமே என்று தில்லி சட்டத்தையே திருத்தி, ஐம்பதை அறுபதாக்கியது. ஒரு கவிஞருக்காக நாட்டிலுள்ள எழுத்துக்கெல்லாம் வேலி பத்தாண்டு நீண்டது. தமிழ்நாடு என்ன செய்தது? 1921-இல் மறைந்த பாரதியின் பாட்டுகள் விற்கப்பட்டு, வாங்கப்பட்டு, பாட்டை ஒலிபரப்பும் உரிமை ஒரு படநிறுவனத்தின் கையிலே இருந்தது. திரைப்படத்தில் அவர் பாட்டைப் பாடினால் வழக்கு என்ற நிலை. மக்கள் பொறுக்கவில்லை. எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழ, 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது; பட உரிமையாளரும் தம் பங்கை விட்டுக்கொடுத்தார்; பின்னர் பாரதியின் எழுத்து மக்களின் உடைமையாயிற்று. அங்கே கவிஞனுக்காக வேலியை நீட்டினார்கள், இங்கே கவிஞனுக்காக வேலியை உடைத்தோம்! நாட்டுடைமை என்ற நம் வழக்கம் அப்படிப் பிறந்தது. பாவேந்தர் வந்தார், அண்ணா வந்தார், எத்தனையோ புலவர் வந்தனர். எழுதியவர் குடும்பத்துக்கு அரசு தொகை தரும், எழுத்தை நாடு எடுத்துக்கொள்ளும். கூலியும் போகவில்லை, அறிவும் அடைபடவில்லை. 2024-இலே கலைஞரின் நூல்கள் அனைத்தும் நாட்டுடைமையாயின, நூலுரிமைத் தொகை ஒரு காசும் பெறாமல். அந்தப் பெருமையை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது!

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் எங்கே? ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் ஓர் இயக்கம் தொடங்கியது. பத்து லட்சம் மாணவர்க்கு அறிவுசார் சொத்துரிமை விழிப்புணர்வு என்றது. 2022 ஜூலைக்குள் இலக்கைத் தாண்டிவிட்டோம் என்றும் அறிவித்தது. எட்டே மாதத்திலே பத்து லட்சம்! தலையை எண்ணியது சரி, தலைக்குள் என்ன போயிற்று என்று எண்ணிப் பார்த்தார்களா? எந்த மொழியிலே சொன்னார்கள்? 52-ஆம் பிரிவைச் சொன்னார்களா? உழைப்பாளி கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டிய 19-ஆம் பிரிவைச் சொன்னார்களா? ஒருநாள் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியில் பேசிவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது பாடமாகுமா?

நம் அரசின் பாடநூலிலே இது வர வேண்டும், தமிழிலே வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் நாலு பக்கம் போதும். பெரம்பலூர்ப் பிள்ளைக்கு அரும்பாவூரும் அரியலூர்ப் பிள்ளைக்கு உ.வே.சா. படித்த தெருவும் எடுத்துக்காட்டாகட்டும். மஞ்சளுக்கு அமெரிக்காவிலே 1995-இல் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியதையும், பாட்டி சொன்ன வைத்தியத்தை ஏட்டுச் சான்றோடு காட்டி 1997-இல் அதை உடைத்ததையும் சேர்க்கட்டும். ஏட்டிலே எழுதி வைத்திருந்ததால் அல்லவா உடைக்க முடிந்தது!

பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாவட்டத்திலும் நம் படிப்பகங்கள் உள்ளன. 17, 19, 52, 57 ஆகிய நான்கு பிரிவுகளைத் தமிழிலே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலே ஒட்டலாம். சட்டம் படித்த தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்கலாம். வேப்பந்தட்டைத் தோழர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை: அரும்பாவூரிலும் தழுதாழையிலும் பட்டறை பட்டறையாகப் போங்கள். பயனராகப் பதிந்தவர் யார், பதியாதவர் யார் என்று குறித்து வாருங்கள். பதியாதவருக்கு அந்தப் பத்து ரூபாய் விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள். நிரப்பும்போது அந்த வீட்டிலே பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்திலே உட்கார வைத்து, அவன் கையாலே எழுதச் சொல்லுங்கள்.