குதிகால்

ஐம்பத்தோரு வயதில் ஒருவரைத் திட்டுவதற்கு ஆள் கிடைப்பது லேசில்லை. அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அம்மா இப்போதெல்லாம் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறார். அலுவலகத்தில் எனக்குக் கீழே இருப்பவர்கள் 'சார்' என்கிறார்கள். மேலே இருப்பவர் என்னைவிட எட்டு வயது இளையவர். அவரும் 'சார்' என்கிறார். வீட்டில் திட்டு உண்டுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. காதில் விழும், உள்ளே இறங்காது.

அதனால், நான் நடக்கிற நடையே தப்பு என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னபோது கோபம் வரவில்லை, திகைப்புதான் வந்தது. ஒழுக்கத்தைச் சொல்லவில்லை. கால் வைப்பதைச் சொன்னார்.

போன ஆடியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 என்று வந்தது. 5.7 வந்தால் திண்ணை, 6.5 வந்தால் வீட்டுக்குள்ளே என்பது கணக்கு. நாட்டில் 10 கோடிப் பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். மகன் மணிக்கட்டில் ஒரு பட்டையை வாங்கிக் கட்டிவிட்டான். பத்தாயிரம் அடி சேர்ந்ததும் அது துள்ளும், திரையில் பட்டாசு வெடிக்கும். இந்தப் பத்தாயிரம் யார் வைத்த கணக்கு என்று பிறகுதான் தேடினேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். கடைக்காரர் வைத்த பெயர் முதலில் வந்தது, ஆராய்ச்சியெல்லாம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

பட்டை என் அடிகளை எண்ணியது. ஒரு அடியையும் பார்க்கவில்லை.

தங்கை மகளைச் சிலம்ப வகுப்பில் கொண்டுபோய் விடும் வேலை ஒரு வாரம் என் தலையில் விழுந்தது. வைகைக்கு வடகரையில் ஒரு மண் திடல். காலை ஐந்தே முக்காலுக்கு நாற்பது பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். நான் குட்டிச்சுவரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது நாள் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். எழுபதை நெருங்கிய வயது. கீழமாரட் வீதியில் முப்பது வருஷம் வெங்காய மூட்டை தூக்கிய உடம்பு. தோள்கள் இறங்கியிருந்தன, கெண்டைக்கால் மட்டும் இன்னும் கட்டை மாதிரி இருந்தது.

"சாருக்கு இடது கால்ல அடி பட்டிருக்கோ?"

பட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும்போது பைக்கோடு விழுந்தேன். யாருக்கும் தெரியாது, எனக்கே மறந்துபோயிருந்தது. எப்படித் தெரியும் என்றேன். திடலுக்கு வெளியே வரிசையாகக் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைக் காட்டினார். என் இடது செருப்பில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. தினமும் பிள்ளைகள் வருவதற்குமுன் அவர் பார்ப்பது வானத்தையும், வந்தபின் பார்ப்பது செருப்பையும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு அங்கிட்டு வந்து நில்லுங்க சார்" என்றார்.

அப்படித்தான் போய் நின்றேன். வெற்றிலை, பாக்கு, பதினொரு ரூபாய். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயிற்று. கம்பு கைக்கு வரும் என்று பார்த்தால், வரவில்லை. ஒரு மண்டலம் காலடி மட்டும்தான் என்றார். நாற்பத்தெட்டு நாள்! 'கராத்தே கிட்' படத்தில் கிழவர் பையனைக் கார் துடைக்க விடுவாரே, அந்த ஞாபகம் வந்தது. 1984-ல் வந்த படம். வாத்தியார் பார்த்ததில்லை. அவர் பார்த்தது 'ரிக்‌ஷாக்காரன்'. ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே எம்.ஜி.ஆர். கம்பு சுற்றுவாரே, அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்ச நேரம் பேசுவார். "கால் இல்லாமச் சுத்தினாரு பாருங்க, அது கால் தெரிஞ்சவனாலதான் முடியும்" என்பார்.

சுண்ணாம்புக் கோட்டில் முன்னே ஒரு அடி, திரும்பி ஒரு அடி, பின்வாங்கி ஒரு அடி. பக்கத்தில் எட்டு வயதுப் பையன்கள் தட்டாமாலை மாதிரி சுழல்கிறார்கள். நான் திரும்பும்போதெல்லாம் இடது குதிகாலை மண்ணில் ஊன்றிவிடுவேன். வாத்தியார் ஒரு வேப்பங்குச்சியால் அந்த இடத்தைத் தொடுவார். "குதி." அவ்வளவுதான் பாடம். ஒரு நாளில் அறுபது, எழுபது 'குதி'.

அதன் காரணம் எளிமையானது. உடம்பு திரும்பும்போது பாதத்தின் முன்பகுதி அச்சாக இருந்தால் கால் முழுதும் சேர்ந்து திரும்பும். குதிகாலை ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருப்பினால் பாதம் அங்கேயே நிற்கும், நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். வருஷக்கணக்காக என் இடது முழங்கால் மாடிப்படியில் முனகிக்கொண்டிருந்தது இதனால்தானோ என்னவோ. கம்பின் வேகமும் கையில் பிறப்பதில்லை. மண்ணில் கால் கொடுக்கும் உதைப்பு இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி, கடைசியில்தான் மணிக்கட்டுக்கு வருகிறது. குதி ஊன்றியவனுக்கு அது முழங்காலோடு நின்றுவிடும். அவன் கையால் இழுத்துச் சுற்றிவிட்டு, தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பான்.

இரண்டாவது வாரத்தில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் அரை நிமிஷம் நின்றேன். இடது காலில் ஏழு எண்ணுவதற்குள் கீழே வந்துவிட்டேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவன், இரவு ஒரு கட்டுரையைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு முடியவில்லை. ஏழு வருஷம் போல அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், நிற்க முடியாதவர்கள் இறக்கும் அபாயம், வயதையும் நோய்களையும் கணக்கில் கழித்த பிறகும், 84 சதவீதம் அதிகம். பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 2022-ல் வந்தது. ஒற்றைக்காலில் நிற்காததால் சாகிறார்கள் என்று அர்த்தமில்லை; உள்ளே எங்கோ ஆடிப்போனது காலில் தெரிகிறது, அவ்வளவே. ஆனாலும் அந்தக் கணக்கின் கீழ் எல்லை சரியாக என் வயது என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பல் துலக்கும்போது இடது காலில் நிற்பதை அன்றைக்குத் தொடங்கினேன். இப்போது நாற்பது விநாடி. மகன் இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறான்.

'சார்' எப்போது உதிர்ந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வாரத்தில் 'தம்பி' ஆகியிருந்தேன். 'வைங்க' என்பது 'வையி' ஆகியிருந்தது.

ஒருநாள் மிதிவண்டியில் வந்த ஒரு பெரியவர், சீனாக்காரனுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்ததே காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் என்று பிள்ளைகளிடம் கால்மணி நேரம் பேசினார். 'ஏழாம் அறிவு' படம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. போதிதர்மரைச் சண்டைப் பயிற்சியோடு முடிச்சுப் போட உதவும் சீன நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது என்று நான் தொண்டையைச் செருமினேன். வாத்தியார் இரண்டு பேரையும் பார்த்தார். "அவரு போனது இருக்கட்டும். நீ காலை வையி."

இதையெல்லாம் எழுதும்போது வாத்தியாரை மகானாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அவர் மகான் இல்லை. முன்கோபி. கூடவே, இந்த வித்தைக்கு இன்னொரு முகம் உண்டு என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். அவருடைய ஆசான் அவரை மூன்று வருஷம் தண்ணீர் சுமக்கவும் கம்புக்கு எண்ணெய் தடவவும்தான் விட்டாராம். சொந்தக்காரப் பையன்களுக்கு இரவில் வீட்டு முற்றத்தில் தனிப் பாடம். வாத்தியார் வெளியில் நின்று சத்தத்தைக் கேட்டுத்தான் சில அடிகளைப் பிடித்தாராம். சாதியைச் சொல்லாமலே சொன்னார். கடைசி வித்தையை மடியில் முடிந்துகொண்டே போய்ச் சேர்ந்த ஆசான்கள் எத்தனை பேர்! குரு பக்தி என்று நாம் உருகுகிற இடத்தில் பாதி, கதவடைப்பின் கதை. இவர் திடலில் கதவே கிடையாது. மாதம் முந்நூறு ரூபாய், கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதும் இல்லை.

இப்போது கூட்டம் அதிகம். தமிழக அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல காரியங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை கம்பு சுற்றினால் வேலை கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். வேலை இல்லாத வீட்டில் அதைத்தான் கேட்பார்கள். எனக்கு ஒவ்வாதது சாதனைச் சான்றிதழ்ப் பித்து. பானைமேல் நின்று மூன்று மணி நேரம், கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் என்று பச்சைப் பிள்ளைகளைச் சுழலவிட்டு, ஒரு கேடயத்தையும் ஃபிளெக்ஸ் பேனரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். எதிரே ஆள் இல்லாத சண்டைக்கு நேரக்கணக்கு எதற்கு? வாத்தியார் காலத்தில் கம்பு முனையில் கரியைத் தடவிக்கொண்டு ஆடுவார்களாம். யார் உடம்பில் எத்தனை கறை என்று எண்ணி முடிவு சொல்வார்கள். வெள்ளை வேட்டியோடு போய் வெள்ளை வேட்டியோடு திரும்பியவனுக்குத்தான் மரியாதை.

நாற்பத்தொன்பதாம் நாள் கம்பு வந்தது. கல்மூங்கில், என் நெற்றி உயரம், கணுக்களைச் சீவி எண்ணெய் ஊட்டியது. முதல் வாரம் காதிலும் கணுக்காலிலும் நானே என்னை அடித்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் வந்தது. உய்ங்... உய்ங்... சிலம்புதல் என்றால் ஒலித்தல். பெயர்க்காரணம் அதுதான் என்கிறார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் கம்புக்குப் பின்னால் சின்னச் சின்னச் சுழல்கள் மாறி மாறிக் கழன்றுகொண்டே இருக்கும். அந்தத் துடிப்புதான் ஒலி. வேகம் ஏறினால் சுதி ஏறும். கம்பு தடித்தால் குரல் கனக்கும். இதை நான் வாத்தியாருக்கு விளக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வேறு எங்கோ கவனமாக இருந்தார். என் பேச்சில் இல்லை, பின்னால் சுற்றிக்கொண்டிருந்த தங்கை மகளின் கம்பில்.

தை மாதம் பார்த்தபோது சர்க்கரை 5.9. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வாக்கிங்கை விடாதீர்கள் என்றார். சரி என்றேன். பட்டை சார்ஜ் போடாமல் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

மாசியில் வாத்தியாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் தூசு ஆகாது, தலையைக் குனியக்கூடாது, திடல் பக்கமே போகக்கூடாது. பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் காலை கறுப்புக் கண்ணாடியோடு வந்துவிட்டார். அவர் மகள் கூடவே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திட்டியபடி வந்தார். கடைசியில் இருவருக்கும் ஒரு சமரசம்: திடலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்தார். பெரிய பையன்கள் வகுப்பை எடுத்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் எல்லோருடைய காலும் கொஞ்சம் தளர்ந்துதான் போயிருந்தது. நான் கடைசி வரிசையில், வலது பக்கம் நான்கு சுற்று, இடது பக்கம் நான்கு சுற்று என்று போட்டுக்கொண்டிருந்தேன். முப்பதடி தள்ளி, திரும்பாமல், குரல் வந்தது.

"கடைசியில யாரு, நீயா? இடது பக்கம் ஊமையா இருக்குடா."

குனிந்து பார்த்தேன். குதி மண்ணில் புதைந்திருந்தது.